மேனேஜரைத் தூக்கிய கதையும் என் வெள்ளை ஹெல்மெட்டும்

நான் மேனேஜரைக் கிரேனில் கட்டித் தூக்கித்தான் ஃபோர்மேன் ஆனேன் என்று ஒரு பேச்சு திருவொற்றியூர்ப் பக்கம் இன்னும் உலவிக்கொண்டிருக்கிறது. அதில் பாதி தவறு. மேனேஜர் மட்டும் மேலே போகவில்லை, பக்கத்தில் டைரக்டரும் இருந்தார். கட்டவும் இல்லை, இருவரும் சோபாவில் வசதியாகச் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தார்கள்.

ரிட்டயர் ஆனவனுக்கு இதைத் திருத்துவதுதான் வேலையா என்று கேட்கிறாள் என் மனைவி ஸ்டெல்லா. எனக்கும் வேறு வேலை இல்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். போன வாரம் நான் வேலை பார்த்த கண்டெய்னர் யார்டிலிருந்து ரேவதி போன் செய்தாள். அங்கே இப்போது கிரேன் ஓட்டுகிற பெண்.

"அண்ணே, இங்க லீடர்ஷிப் கிளாஸ் வச்சிகீறாங்க. ப்ரமோஷன் வேணும்னா அல்லாரும் போவணுமாம். அங்க உங்க கதைய ஆளுக்கொரு மாதிரி சொல்றாங்க. மெய்யாலுமே தூக்குனீங்களா? எனக்கு அடுத்த மாசம் இன்டர்வியூ கீது. நானும் யாரையாச்சும் தூக்கணுமான்னு தெரிஞ்சிக்கத்தான் கேக்குறேன்."

"அவசரப்பட்டு யாரையும் தூக்கிடாதம்மா, நான் எழுதியே அனுப்புறேன்" என்று சொல்லி வைத்தேன். அதனால் எழுதுகிறேன்.

என் வீடு ராயபுரத்தில், மாதா கோயில் மணியும் ரயில் சத்தமும் சேர்ந்து கேட்கிற இடத்தில். யார்டு திருவொற்றியூரைத் தாண்டி, எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டி. கப்பலில் ஏறப்போகிற, கப்பலிலிருந்து இறங்கிய இரும்புப் பெட்டிகளை மாடி மாடியாக அடுக்கி வைக்கிற இடம். அங்கே சங்கிலி மாட்டுகிற ஆளாகச் சேர்ந்தேன். கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றி விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. வெயில், கிரீஸ், திட்டு ஆகிய மூன்றும் குறைவில்லாமல் கிடைத்தன. மூன்றும் உடம்பில் நன்றாக ஊறிய பிறகு என்னை சிக்னல்மேன் ஆக்கினார்கள்.

சிக்னல்மேன் என்றால் கிரேன் ஆபரேட்டரின் கண். மேலே கேபினில் உட்கார்ந்திருப்பவனுக்குப் பெட்டிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. இன்ஜின் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. கீழே நிற்கிற சிக்னல்மேனின் கையைப் பார்த்துத்தான் அவன் எதையும் அசைப்பான். ஆள்காட்டி விரலை வானத்தைப் பார்த்துச் சுற்றினால் தூக்கு. தரையைப் பார்த்துச் சுற்றினால் இறக்கு. இரண்டு கையையும் அகல நீட்டினால் நிறுத்து. சுற்றுகிற விரலுக்கு எதிரில் மற்றக் கையை அசையாமல் பிடித்தால் மெதுவாக. என் கை கூட்டத்தில் தனியாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சிவப்பு கிளவுஸ். கிளவுஸ் போட்டால் நான் டியூட்டியில் இருக்கிறேன், என் கை சொல்வது சட்டம். கழற்றிவிட்டால் நான் எப்படிக் கையை ஆட்டினாலும், கொசு விரட்டினாலும், தலை சொறிந்தாலும், அதற்கு மதிப்பு கிடையாது.

என் ஆபரேட்டர் காதர். என்னைவிட வயதில் சிறியவன். ஆனால் உயரத்தில் உட்கார்ந்தே பழகியதால் எல்லோரையும் தன் பிள்ளைகள் மாதிரிதான் பேசுவான். கேபினில் ஏசி இருந்ததால் கண்ணாடியை எப்போதும் மூடியே வைத்திருப்பான்.

"கொஞ்சம் தொறந்து வையேன்டா, ஒரு வார்த்தை பேசலாம்ல" என்பேன்.

"மேலேர்ந்து பாத்தா நீங்க அல்லாரும் எறும்பு சைஸ்ல கீறீங்க, நைனா. எறும்பு பேசி நா இன்னா கேக்கறது? நீ கைய காட்டு, நா வேலைய காட்டுறேன்."

அவனிடம் ஒரு கறாரான பழக்கம் இருந்தது. இரண்டு பேர் கை காட்டினால் அவன் யார் கையையும் பார்க்க மாட்டான். ஒருநாள் பாதி வானத்தில் ஒரு பெட்டி தொங்கிக்கொண்டிருக்கும்போது கிரேன் அப்படியே நின்றுவிட்டது. நான் கீழே விரலைச் சுற்றுகிறேன், சுற்றுகிறேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பார்த்தால், தூரத்தில் எங்கள் பாஸ்கர் டீக்கடையைப் பார்த்து இரண்டு விரலை ஆட்டிக்கொண்டிருக்கிறான், ரெண்டு டீ என்று. பாஸ்கரின் கை இறங்கிய பிறகுதான் பெட்டி இறங்கியது. டீயும் ஆறிவிட்டது.

பாஸ்கர், பெட்டிகளைக் கம்பி போட்டு இறுக்குகிற கோஷ்டிக்குத் தலைவன். பேச்சில் புலி. தெருத் திருவிழாவோ, கல்யாணமோ, காது குத்தோ, மைக் இருக்கிற இடத்தில் அவன் இருப்பான். மைக் இல்லாத இடத்திலும் மைக் இருப்பது போலத்தான் பேசுவான். நல்ல மனுஷன். அவனும் நானும் ஒரே நாற்காலிக்குப் போட்டியிடுவோம் என்று நாங்கள் நினைத்ததே இல்லை.

பழைய ஃபோர்மேன் வேறு யார்டுக்குப் போனார். அவருடைய வெள்ளை ஹெல்மெட் மேனேஜர் அறையில் ஒரு ஆணியில் தொங்கியது. எங்களுக்கெல்லாம் மஞ்சள், ஃபோர்மேனுக்கு மட்டும் வெள்ளை. அந்த அறைக்கு எதற்குப் போனாலும் என் கண் அங்கேதான் போகும்.

எனக்கு அந்தப் பதவி மேல் ஆசை வந்ததற்குப் பெருமை மட்டும் காரணமில்லை. வருடக்கணக்காகக் கையைத் தூக்கித் தூக்கி வலது தோள்பட்டை போய்விட்டது. சட்டை மாட்டவே ஸ்டெல்லா கை கொடுக்க வேண்டியிருந்தது. டாக்டர், "இந்தக் கையைத் தோளுக்கு மேலே தூக்காதீர்கள்" என்றார். "அதுதான் சார் என் வேலையே" என்றேன். "அப்படியானால் வேலையை மாற்றுங்கள்" என்றார். அவருக்குச் சொல்வது சுலபம். ஃபோர்மேன் ஆனால் கைக்கு ஓய்வு, வாய்க்கு வேலை. ஆகாவிட்டால் கேட்டில் உட்கார்ந்து லாரி நம்பர் பார்க்கிற இடத்துக்குத்தான் அனுப்புவார்கள் என்று பேச்சு அடிபட்டது. கிரேன் பக்கம் போகாமல் அங்கே உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஸ்டெல்லாவுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. அவள் ஏற்கனவே எனக்குப் பதவி கொடுத்துவிட்டாள்.

"கோயிலாண்ட அல்லாரும் என்ன ஃபோர்மேன் வூட்டம்மான்னுதான் கூப்புடுறாங்க" என்றாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

"அய்யோ, யாருடி அப்படிச் சொல்லச் சொன்னது?"

"நாதான். நீ ஆவலன்னு வையி, நா வேற கோயிலுக்குத்தான் பூசைக்குப் போவணும். தொலைவு. பாத்துக்க."

இப்போது எங்கள் மேனேஜர் சம்பத் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் யாரையும் திட்டி நாங்கள் பார்த்ததில்லை. சத்தம் போட்டதில்லை. சட்டைப் பையில் எப்போதும் கொஞ்சம் வறுத்த கடலை இருக்கும். நீங்கள் பேசப் பேச ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறப்பார், டப் என்று மூடுவார். நீங்கள் பேசி முடித்ததும் ஒரே ஒரு வார்த்தை சொல்வார்: "அப்புறம்?"

அவ்வளவுதான். அந்த வார்த்தைக்கு முன்னால் நின்று தப்பித்தவன் எங்கள் யார்டில் கிடையாது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஒருவன் மச்சினி வீட்டு விசேஷத்துக்கு லீவு கேட்டு உள்ளே போனான். சார் "அப்புறம்?" என்றார். மச்சினிக்கும் தனக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று சொல்லிவிட்டான். "அப்புறம்?" உண்மையில் புதுப் படத்துக்குத்தான் போகிறேன் என்றான். "அப்புறம்?" போன மாதம் கேட்டில் இடித்துவிட்டு ராவோடு ராவாகப் பெயின்ட் அடித்து மறைத்தது நான்தான் என்றும் சொல்லி முடித்துவிட்டு வெளியே வந்தான். லீவும் கிடைத்தது, மிச்சமுள்ள கேட் முழுவதற்கும் பெயின்ட் அடிக்கிற வேலையும் கிடைத்தது.

ஃபோர்மேன் பதவிக்கு நானும் பாஸ்கரும் என்று முடிவானதும், தலைமை அலுவலகம் ஒரு பயிற்சியாளரை அனுப்பியது. இளைஞர், நல்ல பிள்ளை, ஷூவைப் பார்த்தால் முகம் தெரியும். ஆளுமையை வளர்த்துக்கொண்டால் பதவி தானாக வரும் என்றார். நானும் பாஸ்கரும் கேன்டீனில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டோம். தலைவன் என்றால் எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும். புன்னகையோடு கட்டளை இட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கைகள் பேச வேண்டும். கையைப் பையில் விட்டுக்கொண்டு பேசுகிறவனை யாரும் நம்ப மாட்டார்கள்.

"கை பேசணுமாம். இத்தினி வருசமா என் கைதான்டா பேசிகினு கீது" என்று பாஸ்கரிடம் கிசுகிசுத்தேன்.

"அதான் நைனா, உனக்குப் பேச வாயே வரல. வெள்ளை ஹெல்மெட்டுக்குத் தலைய அளவெடுத்துட்டியா?"

"உன் தலைக்கு அது பத்தாதுன்னு சொன்னாங்க."

பாடத்தை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளே காசிமேட்டில் மீன் வாங்கும்போது கண்ணைப் பார்த்துப் பேசிப் பழகினேன். மீன்காரம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"இன்னா நைனா, மீனைப் பாப்பியா, என் மூஞ்சியப் பாப்பியா? சங்கரா எங்க கீதுன்னு கூடைல பாரு. வூட்ல பொண்டாட்டி இல்ல?"

அடுத்து, யார்டில் புன்னகையோடு கட்டளை இட்டுப் பார்த்தேன். "அந்தச் சங்கிலியை எடுத்து இந்தப் பக்கம் போடுப்பா" என்று முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சொன்னேன். எதிரில் நின்றவன் சங்கிலியைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கிட்டே வந்தான். "அண்ணே, யாராச்சும் செத்துப் பூட்டாங்களா? எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க, நா தாங்கிப்பேன்" என்றான்.

கையைப் பேச வைப்பதை மட்டும் வீட்டில் கண்ணாடி முன்னால் பழகினேன். தோள் வலித்தாலும் விடவில்லை. அது எனக்கு நன்றாக வந்தது. அதுதான் வினையாகப் போனது.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் யார்டில் அன்று கிரேனுக்குச் சந்தனம், குங்குமம், வாழைமரம், ஆளுயர மாலை எல்லாம் உண்டு. சாமி கும்பிடுகிறவர்கள், நற்கருணை வாங்குகிறவர்கள், தொழுகிறவர்கள் எல்லோரும் சேர்ந்தே பொரி சாப்பிடுவோம். அந்த வருடம் டைரக்டரே வருவதாக இருந்தது. பூஜை முடிந்ததும் நானும் பாஸ்கரும் தலைமைப் பண்பு பற்றி ஆளுக்குச் சில நிமிடம் பேச வேண்டும், டைரக்டர் கேட்பார், மறுநாள் சம்பத் சார் முடிவு சொல்வார்.

பந்தல் போட வந்தவர் யார்டைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். எங்கு பார்த்தாலும் கான்கிரீட். "கம்பு எங்க சார் நடறது? என் தலையிலயா?" என்றார். நடுக்கம்பத்துக்குப் பதிலாகக் கிரேன் ஹூக்கிலேயே பந்தல் துணியின் நடுக்கயிற்றை மாட்டிவிடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். எல்லோரும் மெச்சினார்கள். ஓரக் கயிறுகளை மணல் நிரப்பிய டிரம்களில் கட்டினார்கள். முன்பக்கம் இரண்டு கயிற்றுக்கு டிரம் பத்தவில்லை. டைரக்டருக்காக ஆபீசிலிருந்து தூக்கி வந்த இரும்புச் சட்டம் போட்ட பெரிய சோபா அங்கே கிடந்தது. அதன் இரண்டு பக்கக் கைப்பிடியிலும் கட்டிவிட்டார்கள். "இன்னா வெயிட்டு! இது எங்க போவப் போவுது?" என்றார் பந்தல்காரர்.

ஹூக்கில் எது தொங்கினாலும் ஆபரேட்டர் கேபினை விட்டு இறங்கக்கூடாது என்பது கிரேன் வேலையில் மாற்ற முடியாத விதி. அது ஒரு டன் பெட்டியாக இருந்தாலும் சரி, பந்தல் துணியாக இருந்தாலும் சரி. ஆகவே ஊரே கீழே பொரி சாப்பிட, காதர் மட்டும் மேலே, கண்ணாடியை மூடிக்கொண்டு, இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பந்தலுக்குள் இருக்கிற கூட்டமோ சோபாவோ அவனுக்குத் தெரியாது, துணி மறைத்தது. பந்தலுக்கு வெளியே வெயிலில் போட்டிருந்த மேடை மட்டும் நன்றாகத் தெரியும்.

டைரக்டர் பெரிய உடம்புக்காரர். முட்டி வலி வேறு. சோபாவில் ஒரு பக்கம் அவர் அமர்ந்தார், மடியில் பொரித் தட்டு. மறுபக்கம் சம்பத் சார், கையில் கண்ணாடிக் கூடு. முதலில் பாஸ்கர் பேசினான். தலைவன் தண்டவாளம் மாதிரி என்றான், கலங்கரை விளக்கம் மாதிரி என்றான், நங்கூரம் மாதிரி என்றான். பழக்க தோஷத்தில் கடைசியில் மொய் எழுதியவர்களுக்கும் மேளக்காரர்களுக்கும் நன்றி சொல்லி முடித்தான். கைதட்டு பிரமாதம். டைரக்டரும் தட்டினார்.

நான் மேடை ஏறினேன். எதிரில் அத்தனை பேரைப் பார்த்ததும் கை இரண்டும் வேர்த்து நடுங்க ஆரம்பித்தன. கை எனக்குச் சொந்தமானதாகவே தெரியவில்லை. எங்கே வைப்பது என்று தேடும்போது பேன்ட் பையில் கிளவுஸ் அகப்பட்டது. எடுத்து மாட்டிக்கொண்டேன். உடனே நடுக்கம் நின்றது. கிளவுஸ் போட்ட கையோடு எத்தனையோ டன்னை அசைத்தவன் நான், இந்தக் கூட்டம் எம்மாத்திரம் என்று ஒரு தெம்பு வந்தது.

"நண்பர்களே, நாமெல்லாம் மேலே போகணும்" என்றேன். விரல் தானாக வானத்தைப் பார்த்துச் சுற்றியது. "இன்னும் மேலே போகணும்!"

பந்தலுக்குள் சிலுசிலுவென்று காற்று புகுந்தது. ஜனம் கைதட்டியது. யாரோ, "சூப்பர் சேவியரு, பந்தலே எழுந்து நிக்குது!" என்று கத்தினான். பாராட்டுகிறான் என்று நினைத்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக என் பேச்சுக்குக் கைதட்டல். அது ஒரு போதை. "இன்னும், இன்னும் மேலே!" என்று விரலை வேகமாகச் சுற்றினேன்.

பயிற்சியாளர் சொன்னபடி, முதல் வரிசையில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசலாம் என்று டைரக்டரைத் தேடினேன். அவர் கண் இருக்க வேண்டிய இடத்தில் அவர் முட்டி இருந்தது. ஷூ தரையில் இல்லை.

சோபா ஒரு ஊஞ்சல் போல மேஜை உயரத்துக்கு ஏறி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. டைரக்டர் பொரித் தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். சம்பத் சார் பதறவில்லை. கூட்டை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையையும் அகல நீட்டி எனக்கு முறைப்படி நிறுத்து காட்டினார். நானும் இரண்டு கையையும் நீட்டினேன். கிரேன் நின்றது. சார் கூட்டை வாயிலிருந்து எடுத்தார், என்னைப் பார்த்தார்.

"சரி. அப்புறம்?" என்றார்.

அப்புறம்தான் யார்டே மேடைப் பக்கம் ஓடி வந்தது. எல்லோருக்கும் கேபினைப் பார்த்துக் கை ஆட்ட வேண்டும். பாஸ்கர், "எறக்கு பாய், எறக்கு!" என்று இரண்டு கையையும் தலைக்கு மேல் சுழற்றினான். பயிற்சியாளர், "பதற்றம் வேண்டாம், பதற்றம் வேண்டாம்!" என்று பதறிக்கொண்டே உள்ளங்கையால் காற்றை அமுக்கினார். ஃபோர்க்லிஃப்ட்காரன் துண்டை எடுத்து வீசினான். பந்தல்காரர் மட்டும் துணியைப் பார்த்து, "என் துணி! அய்யோ என் துணி!" என்று மார்பில் அடித்துக்கொண்டார். காதர் மேலேயிருந்து பார்த்தான். ஒரு கை இல்லை, நூறு கை. லீவரிலிருந்து தன் கைகளை எடுத்து, கண்ணாடிக்குள்ளே இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினான். போங்கடா, நான் யாருக்கும் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

அப்போது டர்ர் என்று ஒரு சத்தம். சோபாவுக்கு மேலே துணியின் ஓரத் தையல் பிரிய ஆரம்பித்தது. எனக்குப் பேச்சு, பதவி, ஹெல்மெட் எல்லாம் மறந்து போய்விட்டது. அந்த ஓரம் கிழிந்தால் அந்தக் கனத்த மனிதர் அந்த முட்டியோடு கான்கிரீட்டில் விழுவார். எட்டிப் பிடிக்கலாம் என்று கிட்டே போனால் இரும்புச் சோபா போகிறவன் மேல் விழும். குதிக்கவும் முடியாது; ஒருவர் குதித்தால் மற்றவர் பக்கம் கவிழும்.

"கையைக் கீழே போடுங்கப்பா!" என்று கத்தினேன். யாரும் கேட்கவில்லை. "கைய எறக்குங்கடா டேய்!" என்றேன். எல்லோரும் அதையே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, அதற்கும் கையை ஆட்டினார்கள். பாஸ்கர் நான்கு பேரை, "கைய எறக்கு, கைய எறக்கு" என்று கையை ஆட்டி ஆட்டி அதட்டினான். கண்ணைப் பார்ப்பது, புன்னகைப்பது எல்லாம் நினைவுக்கு வந்தன. ஒன்றும் உதவுகிற மாதிரி இல்லை.

கிரேன் முகப்பில் மாலையும் குங்குமமும் வெயிலில் பளபளத்தன. எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. அடிவயிற்றிலிருந்து கத்தினேன்:

"கும்புடுங்க! அல்லாரும் சாமி கும்புடுங்க!"

ஆயுத பூஜை அன்று, மாலை போட்ட கிரேன் முன்னால், கும்பிடு என்று ஒரு குரல் வந்தால் ஏன் என்று எவன் கேட்பான்? சட் சட்டென்று அத்தனை கையும் நெஞ்சுக்கு வந்து குவிந்தது. பாஸ்கர் கும்பிட்டான். பயிற்சியாளர் கும்பிட்டார். பந்தல்காரர் கண்ணையே மூடிக்கொண்டார். மேலே டைரக்டரும் தட்டை மடியில் வைத்துவிட்டுக் கை கூப்பினார். கீழே ஒரு கூட்டம் கை கூப்பி நிற்க, நடுவில் அவர் சோபாவில் அசைந்தாடிக்கொண்டு இருந்த கோலத்தைப் பார்த்ததும் பின்னாலிருந்து ஒருவனுக்குத் தாங்கவில்லை போலும்.

"கோவிந்தா!" என்றான்.

"கோவிந்தோ!" என்றது யார்டு.

இப்போது காதரின் கண்ணுக்கு அசைகிற கை இரண்டே இரண்டுதான், இரண்டும் சிவப்பு. இடது கையை அசையாமல் நெஞ்சுக்கு நேராகப் பிடித்தேன். வலது விரலைத் தரையைப் பார்த்துச் சுற்றினேன், மாவு கரைப்பது போல மெதுவாக. தோள் உயிர் போக வலித்தது. காதர் லீவரைத் தொட்டது எனக்குக் கீழேயே தெரிந்தது. துணி இன்னொரு தடவை டர்ர் என்றது. நான் விரலை நிறுத்தவில்லை, வேகப்படுத்தவும் இல்லை. சோபா கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, தொட்டிலில் பிள்ளையைக் கிடத்துவது போலத் தரையில் உட்கார்ந்தது. கைகளை அகல நீட்டினேன். பிறகு கிளவுஸைக் கழற்றிக் கீழே போட்டேன்.

டைரக்டர் ஒரு பொரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "சம்பத், இது நிகழ்ச்சி நிரலில் இருந்ததா?" என்று கேட்டார்.

சம்பத் சார் கூட்டை டப் என்று மூடினார். "இப்போது இருக்கிறது சார்" என்றார்.

அன்று வீட்டில் சொன்னபோது ஸ்டெல்லா அழுவாள் என்று எதிர்பார்த்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு திடீரென்று நிறுத்தி, "அப்ப, தண்டையார்பேட்டை கோயில்ல பூசை எத்தினி மணிக்குன்னு விசாரிக்கணும்" என்றாள். கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து லாரி நம்பர் பார்ப்பதாகக் கனவு வந்தது. கனவில் எல்லா லாரியிலும் சோபா.

மறுநாள் சம்பத் சார் முதலில் பாஸ்கரை அழைத்தார். அவன் வெளியே வரும்போது முகம் தொங்கிப் போயிருந்தது.

"இன்னாடா ஆச்சு?"

"சோபால கயிறு கட்டச் சொன்னது நாதான்னு சொல்லிட்டேன், நைனா."

"அவர் கேட்டாரா?"

"எங்க கேட்டாரு? அப்புறம்னு மட்டும்தான் கேட்டாரு. நம்ம வாயிதான் சும்மா இருக்க மாட்டேங்குதே. போன பொங்கலுக்கு வச்ச வாழைத்தார நாதான் துன்னேன்னும் சொல்லிட்டேன். அத்த ஏன் சொன்னேன்னு எனக்கே புரியல."

நான் உள்ளே போனேன். ஆணியில் வெள்ளை ஹெல்மெட். மேஜைக்குப் பின்னால் சார், கடலை, கூடு.

"கிளவுஸ் போட்டுக்கிட்டுப் பேசினது என் தப்பு சார்" என்றேன்.

"அப்புறம்?"

"பந்தலை ஹூக்கில் மாட்டச் சொன்னதும் நான்தான்."

"அப்புறம்?"

தொண்டை வரை வந்துவிட்டது. தோள் வலி, டாக்டர், கோயிலில் ஸ்டெல்லா சொல்லி வைத்தது, மீன்காரம்மா, எல்லாம் வரிசையில் நின்று என்னைப் பேசு பேசு என்று தள்ளின. கையைப் பார்த்தேன். இரண்டும் மடியில், ஒன்றன் மேல் ஒன்றாக, பூஜைக் கூட்டத்தில் கும்பிட்டு நின்ற கைகள் மாதிரி அடங்கிக் கிடந்தன. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. மிச்சமெல்லாம் கைதட்டலுக்காகச் சுற்றின விரல் மாதிரிதான் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன்.

ஃபேன் சுற்றியது. தூரத்தில் ஒரு கப்பல் ஊதியது. சார் கூட்டைத் திறந்தார், மூடினார்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான் சார்."

அந்த அறையில் அந்தப் பதிலை அவர் கேட்டதே இல்லை போல. கடலை எடுக்கப் போன கை பையிலேயே நின்றது.

"எல்லோரையும் கும்பிடச் சொன்னீர்களே, அது பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததா?"

"இல்லை சார்."

"அப்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். எழுந்துபோய் ஆணியிலிருந்து ஹெல்மெட்டை எடுத்து, ஊதித் தூசு தட்டி மேஜை மேல் வைத்தார். "கிளவுஸை இங்கே வைத்துவிட்டு, இதை எடுத்துக்கொண்டு போங்கள்."

அந்தக் கிளவுஸ் பாஸ்கருக்குப் போயிற்று. சிக்னல் காட்டும் நேரத்திலாவது வாய்க்கு ஓய்வு கிடைக்கட்டும் என்று சார் நினைத்திருக்கலாம். காதர்தான் ரொம்ப நாள் என்னிடம் புலம்பினான்: "பேஜாரா கீது நைனா. அவன் தூக்கச் சொல்றானா, டீ சொல்றானான்னே தெரியல."

அன்றைய சங்கதியைப் பற்றி அவனிடம் நான் ஒருமுறை கேட்டேன். "பந்தல் மேலே போகுதே, கொஞ்சம் யோசிக்கக் கூடாதாடா?"

"நீ தூக்கச் சொன்ன, தூக்குனேன். நீ சொல்லி நா என்னிக்கு யோசிச்சிகீறேன்?" என்றான். அதைவிடப் பெரிய பதவியை எனக்கு யாரும் கொடுத்ததில்லை. அதைவிட எதுவும் என்னைப் பயமுறுத்தியதும் இல்லை. அதற்குப் பிறகு ஃபோர்மேனாக இருந்த காலமெல்லாம், எவனிடமாவது ஒரு வேலையைச் சொல்ல வாய் திறக்கும்போது, முதலில் என் கையில் கிளவுஸ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். ஸ்டெல்லா பழைய கோயிலுக்கே போனாள். "நா அப்பவே சொல்லிட்டேனே" என்பதுதான் அவளுடைய வாழ்த்து.

ரிட்டயர் ஆன அன்று யார்டில் ஒரு சின்ன விழா. பந்தல் இல்லை, கேன்டீனில்தான். காதர் கிரேனிலிருந்து இறங்கி, சாவியைச் சட்டைப் பையில் போட்டு பட்டனும் மாட்டிக்கொண்டு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தான். நான் பேசச் சின்ன மேடையில் ஏறினேன். வாயைத் திறப்பதற்குள், ஒருவரும் சொல்லாமலே, யார்டு மொத்தமும் எழுந்து கை கூப்பியது. பாஸ்கர்தான் ஆரம்பித்தான் என்று பிறகு தெரிந்தது. பின்னாலிருந்து அதே குரல், "கோவிந்தா!"

சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. அப்புறம் பேசினேன். நன்றி சொன்னேன். கொஞ்சம் நீட்டினேன். காதரைப் பற்றிச் சொல்லும்போது இன்னும் நீட்டினேன். முதல் வரிசையில் காதர் இடது கையை அசையாமல் நெஞ்சுக்கு நேராகப் பிடித்தான். வலது விரலால் தரையைப் பார்த்து மெதுவாக, மாவு கரைப்பது போல, சுற்றினான்.

நான் பேச்சை நிறுத்திக்கொண்டு இறங்கினேன்.